அடைப்பு எடுக்கிற ஆள்

பண்ணைப்புரத்தை வைத்து ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரே சந்தோஷம். "பாட்டைப் பற்றித்தானே?" என்றார். அவர் அப்படிக் கேட்டது நியாயந்தான். கோம்பைக்கும் தேவாரத்துக்கும் நடுவே மேற்கு மலையின் காலடியில் கிடக்கும் அந்தச் சின்னப் பேரூரைத் தமிழ் நாட்டுக்குத் தெரியப்படுத்தியது பாட்டுத்தான். பாவலர் வரதராஜனும் அவருடைய தம்பிமார்களும் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட ஊர் அது. "பாட்டு இல்லை, கக்கூஸ்" என்றேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எழுதுங்கள், ஆனால் கொஞ்சம் நாசூக்காக" என்றார்.

நாசூக்குக்குத் தமிழில் பஞ்சமே கிடையாது. சபையில் சொல்லக் கூடாததை வேறு வார்த்தையால் மூடிச் சொல்வதற்கு நம் இலக்கணக்காரர்கள் 'இடக்கரடக்கல்' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அதற்குக் கொடுத்த உதாரணம் 'கால் கழுவி வந்தான்' என்பது. கழுவப்பட்டது கால் அல்ல என்று தெரிந்து நாங்கள் பெஞ்சுக்கடியில் சிரித்திருக்கிறோம். வெளிக்குப் போவது, கொல்லைக்குப் போவது, காட்டுக்குப் போவது, ஆற்றங்கரைக்குப் போவது என்று போகிற இடத்தைச் சொல்லிக் காரியத்தை மறைத்துவிடுவோம். காரியத்துக்கென்று வீட்டோடு ஓர் அறை வந்தபோதுதான் சங்கடம். அதற்குப் பழைய பெயர் நாவில் ஒட்டவில்லை. டச்சுக்காரனிடம் கடன் வாங்கினோம். அவன் மொழியில் 'கக்' என்றால் மலம், 'ஹௌஸ்' என்றால் வீடு. 17-ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். போர்ச்சுக்கீசியர் நமக்குச் சாவியும் அலமாரியும் ஜன்னலும் கொடுத்துவிட்டுப் போனார்கள். டச்சுக்காரர் கொடுத்தவற்றில் இன்றும் வாயில் புழங்குவது துட்டும் கக்கூஸும். வந்த மொழியில் பச்சையாக இருந்த வார்த்தை, அர்த்தம் தெரியாத காரணத்தால் நமக்கு நாசூக்காகிவிட்டது! இப்போது அதுவும் பச்சையாகத் தோன்றுகிறது போலும்; பாத்ரூம், டாய்லெட், ரெஸ்ட் ரூம் என்று ஏறிக்கொண்டே போகிறோம்.

வார்த்தையை விட்டு வஸ்துவுக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பொங்கலுக்கு என் பெரியம்மா வீட்டில் பண்ணைப்புரத்தில் கூடியிருந்தோம். பெரியவர்களும் குழந்தைகளுமாகப் பதினான்கு பேர். மாட்டுப் பொங்கலன்று காலையில் கக்கூஸ் அடைத்துக்கொண்டது. ஊற்றின தண்ணீர் இறங்காமல் பீங்கானின் விளிம்பு வரைக்கும் வந்து நின்றது. வீட்டில் எம்.ஏ. படித்தவர் இருந்தார், பாங்கு அதிகாரி இருந்தார், இரண்டு என்ஜினீயர்கள் இருந்தார்கள். அத்தனை பேரும் வாசலில் நின்று ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "ஆளைக் கூப்பிடு."

ஆளுக்குப் போன் போட்டாயிற்று. பக்கத்து ஊரில் வேலையாக இருப்பதாகவும், சாயங்காலம் வருவதாகவும் சொன்னார். அதுவரை என்ன செய்வது? பெரியவர்கள் அடுத்த வீட்டைப் பார்த்தார்கள். குழந்தைகளால் முடியுமா? நான் தென்னந்துடைப்பத்தின் பழைய கம்பு ஒன்றை எடுத்தேன். நுனியில் கந்தல் துணியைப் பந்தாகச் சுற்றி, அதன்மேல் பாலிதீன் பையை மாட்டிக் கயிற்றால் இறுகக் கட்டினேன்.

"ஏய்யா, அதுல போயி நீ கை வைக்கவா? ஆள் வரட்டும்யா சாமி" என்றாள் பெரியம்மா. அவள் குரலில் இருந்தது அருவருப்பு மட்டுமல்ல, பயமும் கூட. நான் எதையோ தாண்டிப் போய்த் திரும்பி வரமாட்டேன் என்பது போன்ற பயம்.

பத்து நிமிஷ வேலைதான். துணிப் பந்தை ஓட்டையில் பொருத்தி அழுத்தி இழுக்க வேண்டும். அழுத்துவதைவிட இழுப்பதுதான் முக்கியம். அடைத்திருப்பதை மேலும் உள்ளே திணிப்பதால் லாபமில்லை, அசைத்துக் குலைக்க வேண்டும். கடைகளில் விற்கும் ரப்பர்க் கிண்ணம் செய்வதும் இதேதான். 1870-களில் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். முதலில் பாத்திரம் கழுவும் தொட்டி அடைப்புக்காகத்தான் அது பிறந்தது. ஏழெட்டு இழுப்பில் களக்கென்று ஒரு சத்தம். ஷாம்பு உறை ஒன்றும் ஒரு துண்டுத் துணியும் மேலே வந்தன. இடுப்பு உயரத்திலிருந்து ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் கொட்டினேன். இறங்கிவிட்டது. ஆனால், இறங்க வேண்டிய வேகத்தில் இறங்கவில்லை. பெரியம்மா என்னைத் தலைக்குக் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் விட்டாள்.

(இந்தக் காரியத்துக்கு ஆசிட் வாங்கி ஊற்றுகிறவர்கள் உண்டு. அதோடு பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடுகிற புத்திசாலிகளும் உண்டு. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலக யுத்தத்தில் 1915-இல் ஈப்ர் போர்முனையில் ஜெர்மானியர் எதிரிகளின் மேல் திறந்துவிட்டது அந்த வாயுவைத்தான். அதை நாலடிக்கு நாலடி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தயாரிப்பானேன்?)

பீங்கானுக்கு அடியில் இருக்கும் வளைவில்தான் அந்த உறை சிக்கியிருந்தது. அந்த வளைவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் எலிசபெத் மகாராணியின் ஞானப்புத்திரர் ஸர் ஜான் ஹாரிங்டன் என்பவர் 1596-இல், தொட்டியிலிருந்து தண்ணீர் பாய்ந்து கழுவிச் செல்லும் ஒரு கக்கூஸைப் பற்றிப் புத்தகமே எழுதினார். மகாராணியின் ரிச்மண்ட் அரண்மனையிலும் ஒன்று வைத்தார்கள். ஆனால் அது பிரபலமாகவில்லை. தண்ணீர் கீழே போயிற்று. நாற்றம் மேலே வந்தது. அந்த வாசலை அடைக்க ஏறத்தாழ 180 வருஷம் ஆயிற்று. 1775-இல் அலெக்ஸாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் குழாயை ஆங்கில 'எஸ்' எழுத்தைப் போல வளைத்தார். வளைவுக்குள் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் நிற்கும். கழிவு அதைத் தள்ளிக்கொண்டு போகலாம். காற்று அதைத் தாண்டி வர முடியாது. அவ்வளவுதான் சூட்சுமம். நீராவி இயந்திரத்தைப் பற்றி எழுதாத சரித்திரப் புத்தகம் இல்லை. இந்த ஒரு சாண் வளைவைப் பற்றி எழுதினவர்கள் குறைவு. நம் நாட்டுக் கிராமங்களுக்கென்று செய்த பீங்கானில் அந்தத் தண்ணீரின் ஆழம் 20 மில்லிமீட்டர்தான். இரண்டு விரல் தடிமன் கூட இல்லை. அந்தத் தண்ணீர்தான் கக்கூஸைக் கொல்லையிலிருந்து வீட்டுக்குள் கொண்டு வந்தது. அது இல்லையென்றால் படுக்கையறைக்குப் பக்கத்துச் சுவரில் கக்கூஸ் கட்ட யாருக்கு மனம் வரும்?

நாற்றத்தோடு வேறொன்றையும் அந்த வளைவு மறைத்தது. தண்ணீர் ஊற்றியதும் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. தெரியாதது எங்கே போகிறது, அங்கே அதை அள்ளுகிறவர் யார் என்ற கேள்வியும் அதோடு போய்விடுகிறது. அடைத்துக்கொண்டால்தான் கேள்வி திரும்பவும் மேலே வருகிறது.

எனக்கு அந்தக் கேள்விக்கு விடை சின்ன வயசிலேயே தெரியும். 1980-களில் நாங்கள் குடியிருந்த வீட்டில் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. கொல்லைச் சுவரில், தெருப் பக்கமாக அல்ல, பின்சந்துப் பக்கமாக, ஒரு சின்னத் தகரக் கதவு. காலையில் ஓர் அம்மாள் வாளியும் தகரத் தட்டும் சாம்பலுமாக அந்தச் சந்து வழியே வருவார். முன்வாசலுக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை. தகரக் கதவு கிறீச்சிடும் சத்தம் கேட்டால், உள்ளே இருப்பவர்கள் இருமிக் காட்ட வேண்டும். அந்த இருமல் ஒன்றுதான் எங்கள் வீட்டுக்கும் அவருக்கும் இருந்த சம்பாஷணை. அவருக்குப் பெயர் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் அதை உச்சரித்து நான் கேட்டதே இல்லை.

லண்டனிலும் பாரிஸிலும் மலம் அள்ளியவர்கள் இருந்தார்கள். லண்டனில் அவர்கள் இரவில் மட்டுமே வேலை செய்ய வேண்டும் என்று விதி. கூலி மற்றக் கூலிகளைவிட அதிகம். ஊர் அவர்களைக் கண்டு மூக்கைப் பொத்தியது நிஜம். ஆனால் அங்கே மலம் அள்ளியவனுடைய மகன் கொல்லுப் பட்டறைக்குப் போனால் யாரும் தடுக்கவில்லை. இங்கே வேலை பிறப்போடு ஒட்டியது. தமிழ் நாட்டு நகரங்களில் அந்தப் பாரத்தில் பெரும்பங்கு அருந்ததியர் தலையில் வைக்கப்பட்டது. 'தலையில்' என்பது அலங்கார வார்த்தையல்ல. கூடை தலையில்தான் இருந்தது. மழைக் காலத்தில் அது ஒழுகும். இதற்கு மேல் நாசூக்காக எழுத எனக்குத் தெரியவில்லை.

காந்தி இந்தச் சங்கதியை மிகச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார். 1896-இல் பம்பாய்ப் பக்கம் பிளேக் பரவியபோது ராஜ்கோட்டில் வீடு வீடாகக் கக்கூஸ்களைச் சோதிக்கும் கமிட்டியில் அவர் இருந்தார். பணக்காரர் வீட்டுக் கக்கூஸ்கள் அவரைத் திடுக்கிட வைத்தன. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் குடியிருப்புக்குப் போனால் வீடுகள் சுத்தமாக மெழுகிக் கிடந்தன. கக்கூஸ் கிடையவே கிடையாது, அது பெரிய மனிதர்களின் சமாசாரம் என்று அவர்கள் சொன்னார்கள். கமிட்டியில் ஒரே ஒரு மெம்பர்தான் அவரோடு அங்கே வரச் சம்மதித்தார். 1901-இல் கல்கத்தாக் காங்கிரஸுக்குப் போனார். பிரதிநிதிகள் தங்கிய இடத்துக் கக்கூஸ்களின் நிலையைத் தொண்டர்களுக்குச் சுட்டிக் காட்டினால், அது எங்கள் வேலையல்ல, தோட்டியின் வேலை என்று பதில் வந்தது. அவர் துடைப்பம் ஒன்றைத் தேடி எடுத்துத் தமக்கு வேண்டியதைத் தாமே சுத்தம் செய்துகொண்டார். தேச விடுதலைக்குத் தீர்மானம் போட வந்தவர்கள் சுற்றிலும் நின்று பார்த்தார்கள். எங்கள் பெரியம்மா வீட்டு வாசலில் நின்ற பட்டதாரிகளின் முகங்களை நினைத்தால், 1901 ஒன்றும் ரொம்ப தூரத்தில் இல்லை என்று தோன்றுகிறது.

சுதந்திரம் வந்த பின் கமிட்டிகளுக்குக் குறைவில்லை. 1957-இல் மல்கானி தலைமையில் மத்திய சர்க்கார் நியமித்த கமிட்டி 1960-இல் அறிக்கை கொடுத்தது. தலைச்சுமை போக வேண்டும் என்று அது சொன்னது. தலைச்சுமை உடனே போய்விடவில்லை. எடுப்புக் கக்கூஸைத் தடை செய்து பார்லிமெண்டு சட்டம் இயற்றியது 1993-இல். எங்கள் வீட்டுத் தகரக் கதவை அதற்குச் சில வருஷம் முந்தியே செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். காரணம் சட்டமும் அல்ல, இரக்கமும் அல்ல. ஸெப்டிக் டாங்க் வந்துவிட்டது.

ஸெப்டிக் டாங்கின் கதை 1860 வாக்கில் பிரான்ஸில் மூராஸ் என்பவரின் வீட்டுத் தோட்டத்தில் ஆரம்பிக்கிறது. வீட்டுக் கழிவைக் காற்றுப் புகாத தொட்டியில் விட்டார். வருஷக்கணக்கில் ஆகியும் தொட்டி நிரம்பவில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உள்ளே உட்கார்ந்து தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. அதற்கு 'ஸெப்டிக் டாங்க்' என்று பெயர் சூட்டி 1895-இல் எக்ஸிடர் நகரத்தில் பெரிய அளவில் கட்டியவர் டொனால்ட் காமரான் என்ற இங்கிலாந்து என்ஜினீயர். கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு 1895 என்றால் வேறு ஒன்றுதான் ஞாபகம் வரும். பென்னிகுயிக் துரை கட்டிய பெரியாறு அணை திறந்து, மேற்கே ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்த வருஷம் அது. நல்ல தண்ணீருக்கும் கெட்ட தண்ணீருக்கும் ஒரே வருஷத்தில் வழி பிறந்திருக்கிறது. பென்னிகுயிக்கின் படம் இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் தொங்குகிறது. காமரானை யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் பெயர் வைத்த தொட்டி வீட்டுக்கு வீடு மண்ணுக்கடியில் கிடக்கிறது.

கிருமிகள் எல்லாவற்றையும் தின்றுவிடுவதில்லை. அடியில் வண்டல் தங்கும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறையாவது அதை எடுக்க வேண்டும். எடுப்பவர் யார்? தகரக் கதவு போயிற்று. அந்த அம்மாளின் மகன் தொட்டியின் மூடிக்கருகில் வந்து நின்றான். வாளி மாறவில்லை, ஆபத்து பல மடங்கு ஏறிவிட்டது. மூடிய தொட்டிக்குள் பிராணவாயு இராது. அழுகல் முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் ஸல்பைடு வாயு தேங்கியிருக்கும். அது கொஞ்சமாக இருந்தால் நாற்றம் தெரியும். அதிகமாகிவிட்டால் மூக்கின் உணர்ச்சியையே கொன்றுவிடும். நாற்றமில்லை என்று நம்பி இறங்குகிறவன் இரண்டு மூச்சில் விழுகிறான். அவனைத் தூக்க இறங்குகிறவன் அவன்மேல் விழுகிறான். செய்தித்தாளில் இந்தச் சாவுகள் ஒன்று ஒன்றாக வருவதில்லை. இரண்டாகவும் மூன்றாகவும் வருவதற்குக் காரணம் இதுதான்.

1184-ஆம் வருஷம் ஜெர்மனியில் எர்ஃபர்ட் நகரத்தில் மன்னர் ஹென்றி கூட்டிய சபையில் பிரபுக்கள் கூடியிருந்தார்கள். பாரம் தாங்காமல் தளம் உடைந்து, கீழே இருந்த மலக்கிடங்கில் விழுந்து ஏறத்தாழ 60 பேர் செத்துப் போனார்கள். இறந்த பிரபுக்களின் பெயர்களை அக்காலத்து ஏடுகள் எழுதி வைத்திருக்கின்றன. எண்ணூறு வருஷத்துக்குப் பிறகும் சரித்திரப் புத்தகங்களில் அதைப் படிக்கலாம்.

பண்ணைப்புரத்தில் 2022-ஆம் வருஷம் ஒரு பொதுக் கழிப்பறையின் கழிவுத் தொட்டி மூடி உடைந்தது. இரண்டு சிறுமிகள் உள்ளே விழுந்து இறந்துபோனார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயசுக் குழந்தைகள். பாட்டினால் அறியப்பட்ட ஊர் அந்த இரண்டு நாள் இந்தச் செய்தியினால் பத்திரிகைகளில் அடிபட்டது. பிறகு பத்திரிகைகள் வேறு செய்திகளுக்குப் போய்விட்டன. நாசூக்கு கேட்ட ஆசிரியருக்கு நான் போனிலேயே இதைச் சொல்லியிருக்கலாம். அப்போது வாய் வரவில்லை.

அந்தப் பொங்கலன்று சாயங்காலம் ஆள் வந்தார் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். முப்பது வயது இருக்கும். அடைப்பை எடுத்தாகிவிட்டது என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் காதைச் சாய்த்துக் கேட்டார். வைத்தியர் நாடி பார்ப்பதைப் போல இருந்தது. கொடகொடவென்று காற்று முட்டும் சத்தம் அடங்க வெகு நேரமாயிற்று.

"வளைவுல இருந்ததை எடுத்துட்டீங்கண்ணே. ஆனா டாங்கு ரொம்பியிருக்கு. இன்னும் ஒரு வாரம் தாங்காது."

வீடு கட்டிப் பதினாலு வருஷமாக அந்தத் தொட்டியை யாரும் திறந்ததில்லை. பெரியப்பா, "ஒரு நாலு பேரை வச்சு நீயே முடிச்சுக் குடுத்துரு தம்பி, என்ன கேக்கிறயோ வாங்கிக்க" என்றார்.

"எங்கப்பா இறங்குவாருங்கய்யா. நான் இறங்க மாட்டேன். லாரிக்குச் சொல்லுங்க" என்றார் அவர். சத்தமாகச் சொல்லவில்லை, நாளைக்கு மழை வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னார். பெரியம்மா அவருக்குக் காகிதக் கப்பில் காப்பி கொடுத்தாள். எங்களுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளர். அவர் கப்பை வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டு, குடிக்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னதுதான் சட்டமும். 2013-இல் வந்த சட்டம் ம்யூனிஸிபாலிடியை மட்டும் கட்டுப்படுத்துவதல்ல, வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான். தகுந்த பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஒருவரைத் தொட்டிக்குள் இறக்கினால், முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கொடுத்தது. 2023-இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. பெரியப்பாவுக்கு இதைச் சொன்னபோது, "நம்ம வீட்டுக் குழிக்குமா?" என்று கேட்டார். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர்.

மறுநாள் லாரி வந்தது. தடித்த குழாயைத் தொட்டிக்குள் விட்டு உறிஞ்சி எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரத்தில் போய்விட்டது. ஒருவரும் இறங்கவில்லை.

ஆகவே, உங்கள் வீட்டில் அடைத்துக்கொண்டால் முதலில் ரப்பர்க் கிண்ணத்தையோ துணிப் பந்தையோ எடுத்துக்கொள்ளுங்கள்; பத்து நிமிஷம் இழுத்துப் பாருங்கள். ஒரே மூச்சில் இறங்கினால் வளைவில் இருந்த அடைப்புத்தான். கை கழுவிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். மெதுவாக இறங்கி, காற்று முட்டிக்கொண்டு சத்தம் போட்டால் தொட்டி நிரம்பியிருக்கிறது. லாரிக்குத்தான் சொல்ல வேண்டும். மூடியைத் திறக்கும்போது பக்கத்தில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது, குனிந்து பார்க்கவும் கூடாது. லாரிக்காரர் அவசரத்தில் மூடியைக் கோணலாக வைத்துவிட்டுப் போவார்; கல்லில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அன்றைக்கே வேறு பலகை போட்டுவிடுங்கள். விளிம்பில் ஸிமெண்டு பூசி அது இறுகுகிற வரைக்கும் குழந்தைகளை அந்தப் பக்கம் விளையாட விட வேண்டாம்.